பழைய இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் சிலிகான் பூச்சும்: நான் பட்ட பாடு

உங்கள் வீட்டில் பத்துப் பதினைந்து வருடப் பழைய டபுள் கிளேஸ்டு ஜன்னல் இருந்து, அதில் மழைத்தண்ணீர் லேசாகக் கசிகிறது என்று யாரையாவது கூப்பிட்டுச் சுற்றிலும் சிலிகான் அடிக்கச் சொல்லப் போகிறீர்களா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள், எல்லோருமே விற்க ஏதோ ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலமும் அதைத் தொடர்ந்த குளிர்காலமும் இந்த ஜன்னல்களோடு தனியாக மல்லுக்கட்டியே கழிந்தன. தேவையே இல்லாத இரண்டு வேலைகளுக்குப் பணம் போனது. அந்தப் பணத்தில் கெட்டுப்போன கண்ணாடிகளில் பாதியை மாற்றியிருக்கலாம்.

எங்கள் வீட்டு ஜன்னல்கள் யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் போட்டவை. பெருமழை அடித்தால் சில ஜன்னல்களின் கீழ் மூலையில் ஈரம் தெரியும். பழுது பார்க்க வந்தவர் சட்டத்தை ஒரு முறை தட்டிப் பார்த்தார், "ரப்பரெல்லாம் போச்சு, சிலிகான் போட்டா சரியாயிடும்" என்றார். வெளிப்பக்கம் கண்ணாடி சட்டத்தோடு சேரும் இடம், கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் பீடிங் பட்டையின் ஓரம், சட்டத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த நீளவாக்கு ஓட்டைகள் என ஒன்று விடாமல் அடைத்துவிட்டுப் போனார். பார்க்கச் சுத்தமாக, கச்சிதமாக இருந்தது. அடுத்த மழைக்கே தண்ணீர் மூலையில் மட்டும் இல்லாமல் உள்பக்கத் திண்டு முழுக்க வழிந்தது. அப்புறம் கொஞ்ச நாளில் காலை நேரங்களில் கண்ணாடிக்கு நடுவே பனிமூட்டம் மாதிரி ஒரு வெண்மை. உள்ளே துடைத்தாலும் போகவில்லை, வெளியே துடைத்தாலும் போகவில்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டபோது "கண்ணாடி பழசு, அதுக்கு நான் என்ன பண்றது" என்று முடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் சொன்னது ஏன் தவறு என்று எடுத்துச் சொல்ல எனக்கு அப்போது விவரம் போதவில்லை.

விவரம் இதுதான். இந்த வகை ஜன்னல், தண்ணீர் சட்டத்துக்குள் ஒரு சொட்டும் வராது என்ற எண்ணத்தில் செய்யப்பட்டதே இல்லை. வெளிப்பக்க ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் மழைநீர் எப்படியும் உள்ளே இறங்கும். அது சட்டத்துக்குள் இருக்கும் வாய்க்கால் மாதிரியான அறையில் விழுந்து, கீழே இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும். அந்த ஓட்டைகளை அடைத்தால் தண்ணீர் தேங்கும். மட்டம் ஏறினால் வீட்டுக்குள் வழியும், ஏறாவிட்டால் கண்ணாடியின் அடி விளிம்பை நனைத்தபடியே நிற்கும். இரண்டாவதுதான் மோசம். ஏனென்றால் வழிவது கண்ணுக்குத் தெரிகிறது, நிற்பது தெரிவதில்லை.

அந்த அடி விளிம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஓரமாக ஒரு மெல்லிய பட்டை ஓடுகிறதே, அதுதான் ஸ்பேசர். பழையவற்றில் பெரும்பாலும் அலுமினியம். அது உள்ளே பொள்ளலாக இருக்கும், அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன மணிகள் நிரப்பியிருப்பார்கள். ஸ்பேசரையும் கண்ணாடியையும் ஒட்டுவது பியூட்டில் என்ற கறுப்புப் பசை. அதற்கு வெளியே பாலிசல்ஃபைடு, பாலியூரித்தேன், சிலிகான் போன்ற ஏதாவது ஒன்றில் இரண்டாவது சீல். பியூட்டிலின் வேலை நீராவியைத் தடுப்பது, வெளி சீலின் வேலை இரண்டு கண்ணாடிகளையும் பிடித்து வைப்பது. வெயிலில் உள்ளே அடைபட்ட காற்று விரியும், இரவில் சுருங்கும். 10 டிகிரியில் இருந்த காற்று 45 டிகிரிக்குச் சூடானால் விரியப் பார்க்கும் அளவே சுமார் 12 சதவீதம். கண்ணாடிகள் வெளியே உப்பியும் உள்ளே குழிந்தும் ஓரத்துச் சீலைத் தினமும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இந்த இழுபறியைத் தாங்கத்தான் சீல் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அதே சீல் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறினால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிடி தளரும். அப்புறம் குளிரும்போதெல்லாம் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். மணிகள் உறிஞ்சும் அளவுக்கு உறிஞ்சும். அவை நிரம்பிய பிறகுதான் நமக்குப் பனிமூட்டம் தெரிகிறது. அதாவது கண்ணில் படும்போது பிரச்சினைக்கு வயதாகிவிட்டிருக்கும்.

அதனால் கண்ணாடியில் ஈரம் தெரிந்தால் முதலில் அது எந்தப் பக்கம் என்று பாருங்கள். அறைப்பக்கம் என்றால் அது ஜன்னலின் பழுது இல்லை, அறையில் ஈரப்பதம் அதிகம். 20 டிகிரி வெப்பத்தில் 60 சதவீத ஈரப்பதம் இருக்கும் அறையில், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். காற்றோட்டம் கொடுத்தால் குறையும். வெளிப்பக்கம், அதுவும் விடியற்காலையில் மட்டும் என்றால் நல்ல செய்தி. வீட்டுச் சூடு வெளிக்கண்ணாடி வரை போகவில்லை, ஜன்னல் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் துடைத்த பிறகும் நடுவில் நிற்கிறது என்றால் மட்டுமே சீல் போய்விட்டது. ஆரம்பத்தில் வெயில் ஏறினால் மறைந்து சாயங்காலம் திரும்ப வரும். நாளாக ஆக, நடுவே கோடு கோடாகப் பால் சிந்தியது போல ஒரு கறை நிலைத்துவிடும். அது அழுக்கு இல்லை. ஈரம் கண்ணாடியையே அரித்த தடம். அதை எதைப் போட்டும் எடுக்க முடியாது.

இங்கேதான் எனக்கு இரண்டாவது நஷ்டம். ஒரு நிறுவனம் வந்து பார்த்துவிட்டு, சட்டத்தோடு எல்லா ஜன்னலையும் மாற்றியே ஆக வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொன்னது. அந்தத் தொகையைக் கேட்டு மிரண்டு போயிருந்த நேரத்தில், கண்ணாடியில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே திரவம் விட்டுக் கழுவி, காயவைத்து, மூடி போட்டுத் தருகிறோம் என்று இன்னொருவர் வந்தார். மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகத் தெரிந்தது. செய்தும் கொடுத்தார். சில மாதம் கண்ணாடி பளிச்சென்று இருந்தது, குளிர் வந்ததும் மூட்டம் திரும்பியது. திரும்பாமல் எப்படி இருக்கும்? ஸ்பேசருக்குள் மணிகள் ஏற்கெனவே ஈரத்தில் நிறைந்து கிடக்கின்றன, விளிம்புச் சீல் பிளந்தது பிளந்தபடியே இருக்கிறது, போதாததற்கு இப்போது ஓட்டை வேறு. ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடியாக இருந்தால் அந்த வாயு எப்போதோ போயிருக்கும், அதைத் திருப்பி அடைக்கவும் இல்லை. பார்வைக்குக் கொஞ்ச காலம் தெளிவு கிடைத்தால் போதும் என்பவர்கள் செய்துகொள்ளலாம், அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். டஃபன்டு, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடியில் மட்டும் யாரையும் துளை போட விடாதீர்கள், மொத்தமாகத் தூளாகிவிடும். கண்ணாடி மூலையில் சின்னதாக முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் தெரியும்.

சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை, நடுவில் இருக்கும் அந்த இரட்டைக் கண்ணாடிப் பலகையை மட்டும் கழற்றி அதே அளவில் புதிது செய்து போடலாம் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இதுதான் என்னை மிகவும் வருத்தியது. சட்டம் வளையாமல், உடையாமல், மூலை வெல்டு விரியாமல் இருந்தால் பலகை மட்டும் போதும். கடைசியில் எனக்கு ஆன செலவு, முழுதாக மாற்றச் சொன்ன தொகையில் கால் பங்கைத் தொடவில்லை. செலவு செய்வதற்கு முன் ஸ்பேசர் பட்டையைச் சாய்வாக வெளிச்சத்தில் பாருங்கள். தயாரித்தவர் பெயரும் தேதியும் பல நேரங்களில் அதில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் அதுவே ஆதாரம்.

நான் முதலில் செய்த வேலை, அடைத்த சிலிகானை எடுத்தது. பிளாஸ்டிக் பிளேடால் மெதுவாகக் கீறி, கையால் உரித்து எடுக்க வேண்டும். தின்னர், அசிட்டோன் இரண்டும் யூபிவிசியைக் கரைத்து மேற்பரப்பைப் பாழாக்கிவிடும், பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அந்த நீளவாக்கு ஓட்டையிலிருந்து சிலிகானைக் குச்சியால் நெம்பி எடுத்தபோது, உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் கறுப்பாக, சேறும் செத்த பூச்சியுமாக, கெட்ட வாடையோடு திண்டில் கொட்டி நிற்காமல் வடிந்தது. கடைசி மழை பெய்து வெகு நாளாகியிருந்தது. அத்தனை நாளும் கண்ணாடி அதில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

உங்கள் ஜன்னலில் யாரும் சிலிகான் அடிக்காவிட்டாலும் தூசியே அடைத்துவிடும். ஜன்னலைத் திறந்து, சட்டத்தின் உள்வாய்க்காலில் ஒரு சின்னக் குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே வெளிப்பக்கம் வடிய வேண்டும். வடியாவிட்டால் வளையும் மெல்லிய கம்பி, பழைய பல் துலக்கும் பிரஷ், குழாய் துலக்கும் குச்சி எதையாவது விட்டுச் சுத்தம் செய்யுங்கள். உள் ஓட்டையும் வெளி ஓட்டையும் நேருக்கு நேர் இருக்காது, வேண்டுமென்றே தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள், அதனால் குத்திக்கொண்டே இருக்காமல் இரண்டு பக்கத்திலிருந்தும் செய்ய வேண்டும். வெளியே மூடி இருந்தால் கழற்றிக் கழுவி மாட்டுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, அதில் ஒன்று மழைக்கு முன்னால். இந்த முழுக் கதையிலும் நீங்கள் ஒன்றே ஒன்றுதான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். செலவே இல்லை.

கழுவுவதில் பெரிய வித்தை இல்லை. முதலில் தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்து மென்துணியால் சட்டத்தையும், அதற்கப்புறம் கண்ணாடியையும் துடைத்தால் போதும். நேர் வெயில் அடிக்கும்போது வேண்டாம், சோப்பு காய்ந்து திட்டாகும். நார், பொடி, பிளீச் மூன்றும் கூடாது. பிரஷர் வாஷர் வைத்து அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது, ரப்பரைத் தாண்டித் தண்ணீரைப் பலவந்தமாக உள்ளே தள்ளுகிறார்கள்.

ரப்பர் பட்டைக்கு வருவோம். காற்று வருகிறது என்றால் பழி எப்போதும் ரப்பர் மேல்தான் விழுகிறது. ஆனால் முதலில் ஒரு தாளை இடையில் வைத்து ஜன்னலை மூடிப் பூட்டி, தாளை இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் இப்படி இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுலபமாக உருவி வந்தால் அங்கே அழுத்தம் போதவில்லை. திறக்கும் கதவின் ஓரத்தில், கைப்பிடியைத் திருப்பினால் நகரும் சின்ன உருளைகள் இருக்கும். பல மாதிரிகளில் அவற்றை ஆலன் கீ வைத்துத் திருப்பினால் கதவு சட்டத்தோடு இன்னும் இறுக்கமாகச் சேரும். எனக்குப் பாதி ஜன்னல்களில் காற்று இதிலேயே நின்றுவிட்டது. ரப்பர் உண்மையிலேயே கல் மாதிரி இறுகியோ, மூலையில் சுருங்கி இடைவெளி விட்டோ இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு, அதன் குறுக்குவெட்டு வடிவத்தைப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன, ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் ஒன்று ஜன்னல் மூடாது, இல்லை காற்று நிற்காது. போடும்போது இழுத்து இழுத்துப் போடக்கூடாது. இழுத்த ரப்பர் நாளாவட்டத்தில் தன் நீளத்துக்குத் திரும்பி மூலைகளில் விலகும். கொஞ்சம் கூடுதலாக விட்டு, நெருக்கித் தள்ளி உட்கார வையுங்கள். ஆரம்பமும் முடிவும் மேல் சட்டத்தின் நடுவில் வரட்டும், இணைப்பு கீழே இருந்தால் தண்ணீர் அங்கேதான் தேடிப் போகும். வழவழப்புக்குச் சோப்புத் தண்ணீர். பழைய ரப்பருக்கு உயிர் கொடுக்கச் சிலிகான் ஸ்பிரே பரவாயில்லை. இயந்திர எண்ணெய், கிரீஸ் பட்டால் இந்தப் பட்டைகளில் வரும் இபிடிஎம் என்ற ரப்பர் வகை உப்பிக் கெட்டுப்போகும்.

பலகை மாற்றுவதைக் கையாலேயே செய்ய முடியும், ஆனால் கனத்தை மட்டும் லேசாக எண்ண வேண்டாம். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு 2.5 கிலோ. இரண்டு 4 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் சதுர மீட்டருக்கு 20 கிலோ. பெரியதற்கு இரண்டு பேர் வேண்டும். மேல்மாடியில் வெளிப்பக்கம் பீடிங் இருந்தால் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். பீடிங்கை நீளமான பக்கத்தில், நடுவிலிருந்து ஆரம்பித்து எடுக்க வேண்டும். பட்டி பிளேடைப் பீடிங்குக்கும் சட்டத்துக்கும் இடையில் செருகுங்கள், கண்ணாடிப் பக்கம் அல்ல. எடுத்தது எந்தப் பக்கத்தது என்று பென்சிலால் பின்னால் குறித்து வையுங்கள். கடைசிப் பீடிங்கை எடுக்கும்போது கண்ணாடி முன்னால் சாயும், அதற்கு முன்பே டேப் ஒட்டி ஒருவர் பிடித்திருக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது குட்டையான பக்கங்கள் முதலில், நீளமானவை கடைசியில்.

கண்ணாடியை எடுத்ததும் அடியிலும் ஓரங்களிலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் தெரியும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இருந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி சட்டத்தின் மேல் நேராக உட்காராமல் சில மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பதற்கும், அடியில் தண்ணீர் ஓடுவதற்கும் அவைதான் காரணம். பக்கவாட்டில் திறக்கும் ஜன்னலில் கீல் பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்து மேல் மூலைக்கு எடை தாங்கும்படி அந்தத் துண்டுகளை வைப்பார்கள். மாற்றி வைத்தால் கதவு தொங்கிப்போய்ச் சட்டத்தில் உரசும்.

அளவைப் பழைய பலகையைக் கழற்றி அதன் மேலேயே எடுங்கள்: அகலம், உயரம், மொத்தத் தடிப்பு. தடிப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழையது 20 மில்லிமீட்டராக, அதாவது 4 கண்ணாடி, 12 இடைவெளி, 4 கண்ணாடியாக இருந்தால், இப்போது பரவலாக வரும் 24 அதற்குள் போகாது. பீடிங் உட்காராது. அதே 20-இல் லோ-ஈ பூச்சும் (சூட்டைத் திருப்பி அனுப்பும் மெல்லிய, கண்ணுக்குத் தெரியாத பூச்சு) ஆர்கானும் கேட்டு வாங்குங்கள். பூச்சில்லாத, காற்று மட்டும் அடைத்த பழைய பலகையின் யூ மதிப்பு, அதாவது சூட்டைக் கடத்தும் அளவு, 2.8 அளவில் இருக்கும் (குறைந்தால் நல்லது), இது அதில் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஸ்பேசர் அலுமினியத்துக்குப் பதில், சூட்டைக் குறைவாகக் கடத்தும் வார்ம் எட்ஜ் வகையாக இருந்தால் ஓரத்தில் ஈரம் படிவதும் குறையும்.

வந்து இறங்கியதும், சொன்ன பூச்சு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். இருட்டில் ஒரு லைட்டரைக் கொளுத்திக் கண்ணாடி முன்னால் பிடியுங்கள். நான்கு பரப்புகளிலிருந்தும் நான்கு சுடர்கள் தெரியும். மூன்று ஒரே நிறம், ஒன்று மட்டும் லேசாக வேறு நிறத்தில் தெரிந்தால் அந்தப் பரப்பில்தான் பூச்சு. குளிர்ப் பிரதேசத்தில், வெளியிலிருந்து எண்ணினால் அது மூன்றாவது பரப்பில் வருவது வழக்கம். வெயிலைத் தடுப்பதே முக்கியம் என்கிற இடத்தில் இரண்டாவதில். பக்கம் மாற்றி மாட்டிவிட்டால் வெறும் பார்வைக்குத் தெரியாது, அதனால் மாட்டும் முன்பும் ஒரு தடவை, மாட்டிய பிறகும் ஒரு தடவை பாருங்கள்.

சிலிகானே கூடாது என்று நான் சொல்லவில்லை. சட்டம் சுவரோடு சேரும் வெளி விளிம்பில் அது கட்டாயம் வேண்டும். ஆனால் அங்கும் வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிர்த்து நியூட்ரல் வகையை வாங்குங்கள். வினிகர் வாடை என்றால் இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது என்று பொருள், அது உலோகத்தை அரிக்கும், கண்ணாடி விளிம்புச் சீலுக்கும் ஆகாது. பழைய சிலிகான் மேல் புதியது ஒட்டாது, முழுக்க எடுத்தே ஆக வேண்டும். இடைவெளி ஆழமாக இருந்தால் முதலில் நுரைக் கயிறு செருகி அதன் மேல் போடுங்கள், அப்போதுதான் சிலிகான் இரண்டு பக்கம் மட்டும் ஒட்டி நீண்டு சுருங்க முடியும். இறுகும் வேகம் ஒரு நாளைக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான், மழை வரும் நாளில் ஆரம்பிக்காதீர்கள்.

எல்லாப் பலகையையும் நான் மாற்றவில்லை. படிக்கட்டுப் பக்கம் இருக்கும் சின்ன ஜன்னலில் இன்னும் மூட்டம் இருக்கிறது. சட்டம் காய்ந்திருக்கிறது, தண்ணீர் வடிகிறது, கண்ணாடியில் விரிசல் இல்லை. வெளியே பார்க்க வேண்டிய இடமும் இல்லை. மூட்டம் போட்ட பலகை கொஞ்சம் கூடுதலாகச் சூட்டைக் கடத்தும், அவ்வளவுதான். அடுத்து எப்போதாவது கண்ணாடி ஆர்டர் கொடுக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அளவை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.